குடும்பப் பின்னணியும் பள்ளிக் குழந்தைகளின் உணவுப் பழக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவும் ஊட்டச்சத்தும் பற்றிப் பல ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறேன். பெற்றோரும் சக ஆசிரியர்களும் இத்துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

"குடும்பப் பின்னணி" என்னும்போது எதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்?

பெற்றோரின் கல்வி, தொழில், வருமானம் ஆகிய மூன்றும் பெரும்பாலான ஆய்வுகளில் இடம்பெறுபவை. வீட்டில் எத்தனை பேர், சமைப்பவர் யார், அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், மூத்த பிள்ளைகளும் முதியவர்களும் உடன் இருக்கிறார்களா என்பனவும் அவற்றோடு சேரும்.

வீட்டு வருமானம் என்னவென்று ஒரு பிள்ளையிடம் நேராகக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூசும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஐரோப்பிய நாடுகளிலும் கனடாவிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் வீட்டில் கார் இருக்கிறதா, உனக்கெனத் தனி அறை உண்டா, எத்தனை கணினிகள் இருக்கின்றன, குடும்பமாக விடுமுறைப் பயணம் போனீர்களா என்று பிள்ளைக்குத் தெரிந்த செய்திகளையே கேட்டு வசதியை அளக்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் காலை உணவையும் பழங்களையும் வாரத்தில் கூடுதலான நாட்கள் சாப்பிடுகிறார்கள் என்பது அந்தக் கணக்கெடுப்பில் தொடர்ந்து தெரியவரும் செய்தி.

எது நல்ல உணவு என்று தெரிந்துவிட்டால் பிள்ளை அதைச் சாப்பிடத் தொடங்கிவிடாதா?

இந்த நம்பிக்கையோடுதான் நானும் வகுப்பறைக்குள் நுழைந்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் விடைத்தாள் அதை அசைத்தது. இரும்புச்சத்து எதற்குத் தேவை என்ற கேள்விக்கு அவள், ஹீமோகுளோபின் உருவாவதற்கு என்று எழுதி, கீரையும் பயறும் இறைச்சியும் அதைத் தரும் என்று பட்டியலிட்டு, வைட்டமின் சி உள்ள பழத்தைச் சேர்த்துச் சாப்பிட்டால் கீரையிலுள்ள இரும்பை உடல் கூடுதலாக உறிஞ்சும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறையும் என்று நான் ஒரே ஒருமுறை சொன்னதையும் நினைவில் வைத்து எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். அன்று மதியம் அவள் தன் டப்பாவைத் திறந்தபோது உள்ளே காகிதத்தில் சுற்றிய நான்கு பிஸ்கட்டுகள் இருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "எனக்குத் தெரியும் மிஸ், ஆனா காலையில வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க" என்றாள்.

அவளுக்கு அறிவில் குறை ஒன்றும் இல்லை. அந்த அறிவைத் தட்டுக்குக் கொண்டுவரும் ஆளும் நேரமும்தான் அந்த வீட்டில் இல்லை. ஊட்டச்சத்து அறிவு என்று நாம் தேர்வில் அளப்பது பெரும்பாலும் பெயர்களைப் பற்றிய அறிவு. எந்தப் பழம் பழுத்திருக்கிறது, எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்ற கையறிவு வேறு. அது சமையலறையில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வருவது. பாடப்புத்தகத்தால் அதைத் தர முடிவதில்லை.

இந்த இடைவெளியைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2003-இல் ஜேன் வார்டில் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர், குழந்தைக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காய்கறியை 14 நாட்கள் தினமும் கொஞ்சம் சுவைக்கக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஊட்டச்சத்து ஆலோசனையும் துண்டுப் பிரசுரமும் மட்டும் தரப்பட்டன. மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, தினமும் சுவைத்த குழந்தைகளிடம்தான் அந்தக் காய்கறி மீதான விருப்பமும் அதை உண்ணும் அளவும் மற்ற இரு குழுக்களைவிட அதிகமாகக் கூடியிருந்தன. வாய்க்குப் பழக்கம் வாய் வழியாகத்தான் வருகிறது.

அப்படியானால் பெற்றோரின் படிப்பு எந்த வழியில் பிள்ளையின் உணவை மாற்றுகிறது?

பல வழிகளில். பொட்டலத்தின் பின்புறம் இருக்கும் சிறிய எழுத்தைப் படிப்பது ஒன்று. பல நாடுகளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று இடங்களுக்குள் சர்க்கரை வந்தால் அது என்ன பண்டம் என்று வாசிக்கத் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும். குளுக்கோஸ் சிரப், மால்டோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என்று சர்க்கரை வேறு பெயர்களில் பிரிந்து நின்றால் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். மருத்துவரிடம் மறுகேள்வி கேட்கும் துணிவு மற்றொன்று. "சத்து பானம்" என்று விளம்பரம் சொன்னவுடன் நம்பிவிடாமல் எவ்வளவு சத்து, எவ்வளவு சர்க்கரை என்று கேட்கும் மனப்பாங்கும் கல்வியோடு வருவதே.

இவை தவிர, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. படித்த பெற்றோர் சாப்பிடும்போதே "இதில் புரதம் இருக்கிறது", "இது பல்லுக்குக் கெடுதல்" என்று பேசுகிறார்கள். பள்ளியில் அந்தச் சொற்களை நான் சொல்லும்போது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை ஏற்கெனவே பழகியவை. மற்றப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் முதல் அறிமுகம். ஒரே தேர்வை இருவருக்கும் வைத்து மதிப்பெண்ணை ஒப்பிடும்போது, நாம் அளப்பது பிள்ளையின் திறமையை மட்டுமல்ல என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆய்வுகள் ஏன் தாயின் கல்வியையே பேசுகின்றன?

பெரும்பாலான வீடுகளில் வாங்குவதும் சமைப்பதும் ஊட்டுவதும் பெண்ணின் தலையில் விழுவதால், தாயின் கல்விக்கும் பிள்ளையின் உணவுக்கும் உள்ள தொடர்பு புள்ளிவிவரத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதிலிருந்து "தாய்க்குத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் அவள் குற்றம்" என்ற முடிவுக்குத் தாவுவதை நான் ஏற்க மாட்டேன். வாங்க வேண்டியது என்ன என்று தாய்க்குத் தெரிந்திருந்தும் பணப்பை அவள் கையில் இல்லாத வீடுகள் ஏராளம். காய்கறியை ஒதுக்கிவைக்கும் தந்தையின் தட்டும் பிள்ளையின் கண்ணுக்கு நேரேதான் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மார்களை மட்டும் அழைத்து ஊட்டச்சத்து வகுப்பு நடத்தும் பள்ளிகள் தந்தையரையும் அழைக்க வேண்டும்.

வருமானம் குறைந்த வீடுகளில் உணவு தரம் குறைவதற்கு விலை மட்டும்தான் காரணமா?

விலை முதல் காரணம். அதை மறுக்க முடியாது. கொழுப்பும் சர்க்கரையும் மாவும் நிறைந்த பண்டங்கள் ஒரு கலோரிக்கு மலிவாகவும், பழமும் காய்கறியும் ஒரு கலோரிக்கு விலை கூடியவையாகவும் இருக்கின்றன. வயிறு நிரம்ப வேண்டும் என்பது முதல் தேவையாக இருக்கும்போது ஒரு குடும்பம் எதை வாங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதைவிட நுட்பமான காரணம் ஒன்றை, கேட்லின் டேனியல் என்ற சமூகவியலாளர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அதைப் படித்த பிறகு நான் பெற்றோரிடம் பேசும் விதமே மாறிவிட்டது. ஒரு குழந்தை புதிய உணவு ஒன்றை ஏற்றுக்கொள்வதற்கு 8 முதல் 15 முறை வரைகூட அது தட்டில் வர வேண்டியிருக்கலாம். முதல் ஏழெட்டு முறை அது துப்பப்படும், ஒதுக்கப்படும், தரையில் விழும். வசதியுள்ள வீட்டில் அது ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் துப்பப்பட்ட ஒவ்வொரு கவளமும் வீணான பணம். அதற்கு ஈடாகப் பிள்ளைக்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டிய செலவும் சேர்ந்துகொள்ளும். அதனால் அந்தப் பெற்றோர், பிள்ளை நிச்சயமாகச் சாப்பிடும் என்று தெரிந்ததையே மீண்டும் மீண்டும் வாங்குகிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல முடியாது. கையிலிருக்கும் பணத்தில் ஒரு பருக்கையும் வீணாகாமல் பிள்ளையின் வயிற்றை நிரப்பும் கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கின் விளைவாகப் பிள்ளையின் நாக்குப் புதிய சுவைகளைச் சந்திக்கும் வாய்ப்பை இழக்கிறது.

"பலமுறை கொடுத்துப் பாருங்கள்" என்று இப்போதெல்லாம் நான் மொட்டையாகச் சொல்வதில்லை. பிள்ளைக்கெனத் தனியாக வாங்காமல், பெரியவர்களுக்கு எப்படியும் சமைக்கும் காயிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் பிள்ளையின் தட்டில் வையுங்கள், மறுத்தால் நீங்களே எடுத்துச் சாப்பிட்டுவிடுங்கள் என்று சொல்கிறேன். பழகுவதற்கு ஒரு துண்டு போதும். முழுக் கிண்ணம் தேவையில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லையா?

வேறு வடிவத்தில் இருக்கிறது. கைச்செலவுக்குப் பணம், கேட்டவுடன் வீடு தேடி வரும் உணவு, திரைக்கு முன்னால் கவனமில்லாமல் தின்பது ஆகியவை அங்கே வருகின்றன. வருமானம் நல்ல உணவை வாங்குவதற்கான வாய்ப்பைத் தருகிறது. வாங்கியே தீர்வார்கள் என்ற உறுதியைத் தருவதில்லை.

என் பிள்ளை புதிதாக எதையும் தொடுவதே இல்லை. என் வளர்ப்பில் குறையா?

பெரும்பாலும் இல்லை. புதிய உணவைக் கண்டு பின்வாங்கும் இயல்பு இரண்டு வயதையொட்டித் தீவிரமாகி, பள்ளிப் பருவத்தில் மெல்லக் குறைவது எங்கும் காணப்படுவது. அது எவ்வளவு தீவிரமாக இருக்கும் என்பதில் பிறவிக் கூறுக்குப் பெரிய பங்கு உண்டு. 8 முதல் 11 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், இந்த இயல்பில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணக்கிடப்பட்டது. கசப்பை உணரும் மரபணுவின் வகையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உங்களுக்கு லேசாகத் தெரியும் கசப்பு உங்கள் பிள்ளைக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம்.

சுவை அறிமுகம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜூலி மென்னெல்லாவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை பின்னர் கேரட் சுவையுள்ள கூழை உண்ணும்போது குறைவாகவே முகம் சுளித்தது தெரியவந்தது. ஆக, மரபும் உண்டு, பழக்கமும் உண்டு. மரபு வழி வந்த தயக்கம் மாறவே மாறாது என்று பொருள் கொள்ள வேண்டாம். மற்றப் பிள்ளைக்கு ஐந்து முறை போதுமென்றால் உங்கள் பிள்ளைக்குப் பதினைந்து முறை ஆகலாம்.

வற்புறுத்துவதா, தடை போடுவதா, பரிசு கொடுப்பதா?

"சூப்பைக் குடித்து முடி" என்று குழந்தைகளைச் சில வேளைகளில் திரும்பத் திரும்ப வற்புறுத்தியும் சில வேளைகளில் விட்டுவிட்டும் நடத்திய ஒரு சோதனை 2006-இல் வெளியானது. வற்புறுத்தாதபோது குழந்தைகள் அதிகம் குடித்தார்கள், முணுமுணுப்பும் குறைந்தது. தடையின் விளைவும் இப்படித்தான். லீன் பர்ச்சும் ஜெனிஃபர் ஃபிஷரும் 1999-இல் காட்டியபடி, கண்ணெதிரே வைத்துவிட்டு எடுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட தின்பண்டத்தின் மீதே குழந்தையின் நாட்டம் கூடுகிறது. வீட்டில் வேண்டாமென்று நினைக்கும் பண்டத்தை வாங்காமலே இருப்பது, வாங்கி அலமாரியில் பூட்டுவதைவிட நல்லது.

பரிசு பற்றிப் பொதுவாக ஒரே பதில் சொல்ல முடியாது. "காயைச் சாப்பிட்டால் இனிப்பு தருவேன்" என்ற பேரம் காயைத் தண்டனையாகவும் இனிப்பை மகுடமாகவும் ஆக்கிவிடுகிறது. ஆனால் சுவைத்துப் பார்த்ததற்காக ஒரு சிறிய ஸ்டிக்கர் தருவது, உணவல்லாத பரிசு என்பதால், 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நல்ல பலன் தந்திருக்கிறது.

உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் சொன்ன பொறுப்புப் பங்கீட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும், சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். இரண்டாவது பாதி பல பெற்றோருக்குக் கடினமாக இருக்கிறது. குறிப்பாக, பசியை நேரில் கண்டு வளர்ந்தவர்களுக்குத் தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது வேதனை. அந்த வேதனையைப் புரிந்துகொள்ளாமல் அவர்களுக்கு அறிவுரை சொல்வது முறையல்ல.

குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது அவ்வளவு முக்கியமா?

17 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, வாரத்தில் மூன்று வேளையாவது குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகளும் இளையோரும் உடல் பருமனாக இருப்பது குறைவென்றும், சத்தான உணவை உண்பது கூடுதல் என்றும் கண்டது. சேர்ந்து சாப்பிட நேரம் வாய்க்கும் குடும்பங்களுக்கு மற்ற வசதிகளும் இருக்கக்கூடும் என்பதால் பலன் முழுவதையும் சாப்பாட்டு நேரத்தின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. இருந்தாலும் மூன்று வேளை என்பது எட்டக்கூடிய எண். அது இரவுச் சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாரத்தில் மூன்று காலை வேளைகளும் கணக்கில் சேரும். முறைப்பணி செய்யும் பெற்றோர் இதைக் கேட்டதும் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

தாத்தா பாட்டி இனிப்பு கொடுத்தே பழக்கிவிடுகிறார்களே?

அன்பை உணவாகக் காட்டுவது அவர்களுக்குத் தெரிந்த வழி. தடுப்பதைவிட, கொடுக்கும் பண்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பது எளிது. பழத்தை நறுக்கித் தன் கையால் ஊட்டும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

எவ்வளவு பழமும் காய்கறியும், எவ்வளவு சர்க்கரையும் சரியான அளவு?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி பழமும் காய்கறியுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு 2 முதல் 5 வயதுக்குக் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 350 கிராம், 10 வயதும் அதற்கு மேலும் 400 கிராம் வேண்டும். சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது அதே நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாளுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த 10 சதவீதம் 40 கிராம் சர்க்கரை. ஒரு டப்பா இனிப்புக் குளிர்பானமே ஏறக்குறைய அந்த அளவைத் தொட்டுவிடும்.

வீட்டில் கிடைக்காததைப் பள்ளி ஈடுசெய்ய முடியுமா?

ஓரளவு முடியும், அதுவும் பாடத்தால் அல்ல, தட்டால். பள்ளியில் சமைத்துப் பரிமாறப்படும் உணவில், வீட்டில் வீணாகிவிடும் என்று பயந்து வாங்கப்படாத காய்கறி பலமுறை வந்து போகலாம். அந்த வீணாதலின் செலவைப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழன் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் வாயில் வைக்கும் பிள்ளைகள் பலர். ஆசிரியரும் அதே உணவை அவர்களோடு அமர்ந்து சாப்பிட வேண்டும். பெரியவர் தின்னாததைக் குழந்தை நம்பாது.

பள்ளி செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. நானே செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். "நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று எழுதி வாசித்துக் காட்டு" என்ற பயிற்சியை என் முதல் ஆண்டுகளில் தவறாமல் கொடுத்துவந்தேன். ஒரு நாள் ஒரு பையன் பழம், பால், முட்டை, காய்கறி என்று என் பாடப் பட்டியலை அப்படியே வரிசை மாறாமல் வாசித்தான். அது அவன் சாப்பிட்டது அல்ல என்று எனக்கும் தெரிந்தது, வகுப்புக்கும் தெரிந்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். அவனுடைய காது சிவந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பயிற்சியை அன்றோடு நிறுத்தினேன். டப்பாவைத் திறக்கச் சொல்லிச் சோதிப்பதும் இதே வகைதான். வெட்கம் வந்து சேர்வது பிள்ளைக்கு, உணவைத் தீர்மானித்தவர் வேறு யாரோ.

ஆய்வுக்காக வினாத்தாள் தயாரிக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

அறிவு, மனப்பான்மை, நடைமுறை ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்; மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கினால், மேலே சொன்ன பிஸ்கட் சிறுமி உங்கள் அட்டவணையில் காணாமல் போய்விடுவாள். பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த விடையைச் சொல்ல விரும்புவார்கள் என்பதால், பாடமெடுத்தவரே வினாத்தாளைக் கொடுப்பதைத் தவிருங்கள். "வழக்கமாக என்ன சாப்பிடுவாய்" என்பதைவிட "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து சொல்" என்பதே சிறு வயதினருக்கு எளிது. அதையும் தனியாகக் கேளுங்கள். பெற்றோரின் கல்வியும் வருமானமும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குபவை. ஒன்றின் விளைவை மற்றதன் பெயரில் எழுதிவிடாமல் இரண்டையும் ஒன்றாகப் பகுப்பாய்வில் சேர்க்க வேண்டும்.

பிள்ளை கற்றதைக் கொண்டு வீட்டை மாற்ற முடியுமா?

பிள்ளைமேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. "வீட்டில் போய் அம்மாவிடம் சொல்" என்று அனுப்பப்படும் பத்து வயதுப் பிள்ளை, பணமோ நேரமோ இல்லாத வீட்டில், தாயைக் குற்றம் சொல்லும் தூதுவனாக நிற்க நேரிடும். ஆனால் கையறிவைப் பள்ளியிலேயே தரலாம். அடுப்பு இல்லாமல் செய்யக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன: பயறை இரவே ஊறவைத்து முளைகட்டுவது, பழத்தை நறுக்குவது, வெள்ளரியையும் கேரட்டையும் சீவி எலுமிச்சை பிழிவது. விடைத்தாளில் முழு மதிப்பெண் வாங்கிய அந்தச் சிறுமிக்கு நான் பிறகு கற்றுக்கொடுத்தது இவற்றைத்தான். சில வாரங்கள் கழித்து அவளுடைய டப்பாவில் பிஸ்கட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி முளைகட்டிய பயறு இருந்தது. முந்தாநாள் இரவே தானே ஊறவைத்து முளைகட்டியதாகச் சொன்னாள், தம்பிக்கும் ஒரு பங்கு வைத்திருப்பதாகச் சொன்னாள்.